சேவலைக் காணோம்: கொழும்பு நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளவத்தை

மதுரையில் விமானம் ஏறி, கொடுத்த பழரசத்தைக் குடித்து முடிப்பதற்குள் கட்டுநாயக்கா வந்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி பஸ்ஸில் போகிற நேரத்தில் இந்தத் தீவுக்கு நான்கு முறை வந்து திரும்பலாம். இருந்தும் நாற்பத்தேழு வயது வரை வராமல் இருந்திருக்கிறேன்.

187ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் காலி வீதி வழியாக வெள்ளவத்தை. 2024 டிசம்பர் முதல் வாரம். பொதுத்தேர்தல் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சுவர்களில் பாதி கிழிந்த முகங்களுக்குப் பக்கத்தில் சின்னங்கள் மட்டும் முழுதாக நின்றன: ஆட்சியைப் பிடித்த தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி, ராஜபக்சக்கள் கட்சியின் மொட்டு, எரிவாயு சிலிண்டர். வேட்பாளர் முகத்தைக் கிழிப்பவர்கள் சின்னத்தை விட்டுவிடுவது ஏன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரிலும் அப்படித்தான்.

சின்னங்களைப் பார்த்தால் நின்றுவிடுவது எனக்குப் பழைய வியாதி. வெள்ளவத்தையில் இறங்கியதும் அது முற்றியது. எதிரே நின்ற ஆட்டோவின் பின்பக்கம் ஒரு சேவல் ஒட்டப்பட்டிருந்தது. நிமிர்ந்த கொண்டை, விரிந்த வால், வெயிலில் பாதி வெளுத்த சிவப்பு.

மதுரைப் பக்கம் என் வயதுக்காரர்களுக்குச் சேவல் என்றால் 1989. எம்.ஜி.ஆர். இறந்த பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. எங்கள் வீட்டில் அப்பா சேவல், சித்தப்பா புறா. ஒரே அடுப்பு, ஒரே திண்ணை, இரண்டு சின்னம். எதிர்வீட்டு உதயசூரியன்காரர் தினமும் திண்ணையைப் பார்த்து, "முதலில் எதை அறுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்பா நிஜமாகவே ஒரு சேவலை வாங்கி, சைக்கிளின் முன்பக்கம் கட்டி, வார்டு முழுவதும் சுற்றினார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. சேவலுக்கு 27 தொகுதி, புறாவுக்கு இரண்டு. சில வாரங்களில் இரு அணிகளும் சேர்ந்து இலையை மீட்டுக்கொண்டன. அதன்பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேவல் குழம்பாயிற்று. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சித்தப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படி உயிருள்ளவற்றைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் வதைக்கிறார்கள் என்ற புகாரின் பேரில்தான், தொண்ணூறுகளில் இந்தியத் தேர்தல் ஆணையம் புதிதாக விலங்கு, பறவைச் சின்னம் தருவதை நிறுத்தியது. ஏற்கெனவே இருந்த யானை, சிங்கம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இங்கே அப்படித் தடை இல்லை போலிருக்கிறது என்று எண்ணியபடி, சேவல் ஒட்டிய அந்த ஆட்டோவிலேயே ஏறி, தங்கவிருக்கும் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் நாள், பிட்டகோட்டே

அதே ஆட்டோ. ஓட்டுகிற தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் நோர்வூட், நுவரெலியா மாவட்டம். கொழும்புக்கு வந்து பன்னிரண்டு வருடம். இன்றைக்கு எங்கே போகலாம் என்று கேட்டார். யானையைப் பார்க்க வேண்டும் என்றேன். மிருகக்காட்சிசாலை இருக்கும் தெஹிவளைப் பக்கம் திருப்பப் போனார். "அந்த யானை இல்லை தம்பி, ஓட்டுக் கேட்கிற யானை" என்றதும் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார்.

பிட்டகோட்டேயில் இருக்கிறது சிறிகொத்தா, ஐக்கிய தேசியக் கட்சியின் தலைமையகம். 1946இல் தொடங்கிய கட்சி. சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் கட்சி. பச்சை நிறம், யானைச் சின்னம். 1977இல் 168 இடங்களில் 140ஐப் பிடித்தது இந்த யானை. 2020இல் மக்கள் வாக்கில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் விழுந்த வாக்குக் கணக்கில் தரும் தேசியப் பட்டியல் இடம் ஒன்றே ஒன்று. யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியை அந்த வாரம் எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் அந்த ஒற்றை இடத்தில் வந்து உட்கார்ந்த ரணில் விக்கிரமசிங்கதான் 2022இல் ஜனாதிபதியானார். பழமொழிகள் இலங்கை அரசியலுக்குப் போதாது.

எதிரே நின்று பார்த்தேன். பகல் பதினொரு மணி, ஆள் நடமாட்டம் குறைவு. பார்க்கவென்று பெரிதாக ஒன்றுமில்லை, கேட்கத்தான் இருந்தது. தம்பி வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"இந்த யானை ஜனாதிபதித் தேர்தலில் கடைசியாக எப்போது நின்றது, தெரியுமா அண்ணே?"

தெரியவில்லை. 2005 என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்சி தனக்கு வேண்டியவரை நிறுத்தும்போதும் ஆதரிக்கும்போதும் வேறொரு பறவையை இரவல் வாங்கியது: அன்னம். 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச, மூவருமே புதிய ஜனநாயக முன்னணியின் அன்னத்தில் நின்றவர்கள். நடுவில் இருப்பவர் மட்டும் வென்றார். ஏன் அன்னம்? பரம்பரையாக யானைக்கு எதிராகவே போட்டு வந்த கை, யானையில் போய் நிற்காது. வேட்பாளர் மேல் கோபமில்லை, யானை மேல்தான் கோபம். அவர்களுக்கும் கூச்சமில்லாமல் போட ஒரு சின்னம் வேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர்கள் பாடிய பறவை, இங்கே பிரிந்து கிடந்ததைச் சேர்க்கிற வேலை பார்த்திருக்கிறது. அப்புறம் அதே முன்னணி சிலிண்டருக்கு மாறிவிட்டது. 2022இல் மக்கள் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களையும், அந்த வரிசை தீர்ந்ததையும் ஞாபகப்படுத்த.

"உங்கள் சேவலுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு நீளவில்லை.

சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சின்னம். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரசாகத் தொடங்கி, 1950இல் பெயர் மாறியது. மலையகத் தோட்டங்களில் இது கட்சி என்பதற்கு முன்னால் சங்கம். மாதச் சம்பளத்தில் சந்தா பிடிப்பார்கள். லயன் என்கிற வரிசை வீட்டில் பிள்ளை பிறந்தாலும் துரையோடு தகராறு என்றாலும் தோட்டத் தலைவரிடம்தான் முதலில் போவார்கள். 1947 பாராளுமன்றத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடு இல்லையென்றால் ஓட்டும் இல்லை. 1964இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம்; இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று கறிக்கடைக் கணக்கு. தம்பியின் அம்மா கொழுந்து பறித்தவர். எண்பதுகளின் கடைசியில்தான் அவர் கையில் பத்திரம் வந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது.

"அம்மாவுக்குத் தெரிந்த ஒரே எழுத்து சேவல்தான், அண்ணே. தலைவர் படத்தைக் காட்டி, இதற்கு நேரே புள்ளடி போடு என்பார். போடுவார்."

புள்ளடி என்ற சொல்லை அங்கேதான் முதல் முறை கேட்டேன். ஓட்டுச் சீட்டில் போடும் பெருக்கல் குறிக்கு இலங்கைத் தமிழில் அதுதான் பெயர். புள் என்றால் பறவை, பறவையின் காலடி. நாங்கள் முத்திரை குத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் இவர்கள் சீட்டில் பறவையை நடக்கவிட்டிருக்கிறார்கள். சேவலுக்கு நேரே ஒரு சேவல் காலடி. இந்த ஒரு சொல்லுக்காகவே விமான டிக்கெட் காசு தகும்.

ஆனால் சேவல் எப்போதும் சீட்டில் இருப்பதில்லை. பெரிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்தால் பெரிய கட்சியின் சின்னம்தான். அம்மாவின் கணக்கைத் தம்பி விரல் விட்டுச் சொன்னார். 2015 பொதுத்தேர்தலில் வெற்றிலை. 2020இல் மொட்டு. இந்த நவம்பரில் யானை. மூன்று தேர்தல், மூன்று சின்னம், ஒரே சங்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், சிலிண்டருக்குப் போய்விட்ட ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானைச் சின்னத்தில் நாடு முழுவதும் கிடைத்தது ஒரே ஓர் இடம்தான். அதுவும் நுவரெலியாவில், தொழிலாளர் காங்கிரசின் ஜீவன் தொண்டமான் வென்றது. யானையைக் காப்பாற்றியது சேவல்.

"அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து என்ன சொன்னார் தெரியுமா? சேவலைக் காணோம், யானையின் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன், அங்கேயும் இல்லை என்றார்."

கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா? தம்பிக்கே தெரியவில்லையாம்.

மூன்றாம் நாள், வீட்டுக்குள்

விடிந்ததிலிருந்து மழை. காலி வீதி முழுவதும் குடை. எங்கும் போகவில்லை.

நான் தங்கியிருப்பது நண்பரின் பெரியப்பா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், அரச சேவையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டியவர். இடியப்பமும் சொதியும் சம்பலும் காலையில் வந்தன. மழைக்கு அதைவிடப் பொருத்தமான காலை உணவு உலகத்தில் இருந்தால் யாராவது எழுதித் தெரியப்படுத்தலாம். நேற்றைய கதையைச் சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"தம்பி, சின்னத்துக்கு முன்னால் இங்கே நிறம் இருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. படிக்கத் தெரியாதவன் நிறத்தைப் பார்த்துப் போடுவான். யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலையே பகிஷ்கரித்தது என்பது வேறு கதை."

வேறு கதைகள்தான் அவரிடம் அதிகம். வடக்கில் விலங்குக்கு அவ்வளவு மவுசு இருந்ததில்லை என்றார். தமிழ்க் காங்கிரசுக்குச் சைக்கிள், தமிழரசுக் கட்சிக்கு வீடு, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு உதயசூரியன், ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியான ஈ.பி.டி.பி.க்கு வீணை. உதயசூரியன் என்றதும் எனக்கு எதிர்வீட்டுக்காரர் முகம் வந்துபோனது. 1977இல் அந்தச் சூரியனில் 18 பேர் பாராளுமன்றம் போனார்கள். பிறகு வந்தவர்கள்தான் உயிரினங்களைத் தொட்டார்கள்: வடக்கின் முன்னாள் முதலமைச்சர் விக்னேஸ்வரனின் கட்சி 2020இல் மீன், இப்போது மான். கிழக்கே முஸ்லிம் அரசியலில் அதாவுல்லாவின் குதிரை, ரிஷாத் பதியுதீனின் மயில், அவர்களுக்கு எதிரே முஸ்லிம் காங்கிரசின் மரம். "மயில் மரத்தில்தானே ஏற வேண்டும்" என்று மேடையில் பேசினால் கைதட்டு நிச்சயம் என்றார். தெற்கே சுதந்திரக் கட்சியோ கையில் தொடங்கி, கூட்டணிகளுக்காகக் கதிரைக்கும் வெற்றிலைக்கும் போய்ச் சுற்றியது. கதிரை என்றால் நாற்காலி என்பது எனக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. நாற்காலிக்காக நாற்காலியையே சின்னமாக வைத்த நேர்மையைப் பாராட்டினேன். அவர் பாராட்டவில்லை.

பிற்பகலில் அமெரிக்காவிலிருந்து பேத்தி அழைத்தாள். பேச்சு அந்த நாட்டுத் தேர்தலுக்குப் போனது. "நான் கழுதைக்குத்தான் போட்டேன் தாத்தா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. ஐயாவுக்குத் தாங்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும், "கழுதையா? பார்த்துப் பார்த்துக் கழுதையையா எடுத்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்கள் எடுக்கவில்லை, எதிரி கொடுத்தான் என்றேன். 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிர்த்தவர்கள் அவரைக் கழுதை என்று திட்டினார்கள். அவர் அதைத் தூக்கித் தன் பிரசாரத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் 1870இல் கழுதையை வரைந்து ஜனநாயகக் கட்சியின் தலையில் நிரந்தரமாகக் கட்டினார். 1874இல் அவரே குடியரசுக் கட்சிக்கு யானையையும் வரைந்தார். கம்பீரமான யானை இல்லை. மிரண்டுபோய்ப் பள்ளத்தில் விழப்போகிற யானை. அதைத்தான் அந்தக் கட்சி இன்றுவரை பெருமையாகச் சுமக்கிறது.

இதை ஐயாவிடம் சொல்லும்போதுதான் இரண்டு நாளாக மனத்தில் உருண்டது ஒரு வடிவத்துக்கு வந்தது. விலங்கைச் சின்னமாக வைக்கிறவன் எதிரியின் மேடைப் பேச்சில் பாதியைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறான். சேவல் என்றால் குழம்பு, யானை என்றால் லத்தி, புறா என்றால் பறந்துபோகும். திசைகாட்டியை என்ன சொல்லித் திட்டுவது? தொலைபேசியை எப்படி அறுப்பது? பெரிய கட்சிகள் ஒவ்வொன்றாகப் பொருட்களுக்குப் போவதன் சூட்சுமம் இதில் கொஞ்சம் இருக்கலாம்.

"திசைகாட்டியையும் திட்டலாம்" என்றார் ஐயா. "வடக்கைக் காட்டும், வடக்குக்கு வராது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலேயே கூடுதல் இடம் எடுத்துவிட்டது."

நான்காம் நாள், கங்காராமயவும் காலிமுகத்திடலும்

மழை விட்டது. பேரை ஏரிக்கரையில் கங்காராமய விகாரை. பெப்ரவரிப் பௌர்ணமியில் இங்கே நவம் பெரஹரா நடக்கும். 1979இல் தொடங்கியது, வரிசையாக யானைகள் அலங்காரத்தோடு நகரத் தெருவில் நடக்கும். இப்போது காலமில்லை. பாடம் செய்து நிறுத்தியிருக்கும் யானைதான் இருந்தது. கண்ணாடிக் கண், அசையாத காது. முன்னால் நின்று ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 2023இல் மட்டும் இந்தத் தீவில் 400க்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. மின்வேலி, துப்பாக்கி, உணவுக்குள் வைக்கும் வெடி, ரயில். சின்னமாகச் சுவரில் இருப்பது யானைக்குப் பாதுகாப்பான இடம்தான்.

சாயங்காலம் காலிமுகத்திடல். இறால் வடை சூடாக இருந்தது, காரம் அதைவிட. கடற்கரையில் என்னைச் சுற்றி வந்தவை காகங்கள். 2022இல் இதே திடலில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்த இளைஞர்கள், ராஜபக்ச சகோதரர்களில் ஒருவரைக் காகமாக்கி, காகம் போலக் கரைந்து கோஷம் போட்டார்கள். சிங்களத்தில் போட்டது, தமிழுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லாத கோஷம், கா கா என்பது எல்லா மொழியிலும் அதேதான். அந்தக் கட்சி கவனமாக மொட்டைத் தேர்ந்தெடுத்தும் விலங்கிலிருந்து தப்பவில்லை. தானாக ஒன்றை வைத்துக்கொள்ளாவிட்டால் தெரு ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. நேற்று ஐயாவிடம் பெருமையாகச் சொன்ன சித்தாந்தம் ஒரு வடை தின்னும் நேரத்தில் பாதி உதிர்ந்தது. மீதி வடையைக் காகம் கொண்டுபோயிற்று.

ஐந்தாம் நாள், தெஹிவளை, பிறகு கட்டுநாயக்கா

விமானம் இரவில். தம்பி காலையிலேயே வந்து, "அன்றைக்குப் பார்க்காத யானையை இன்றைக்குப் பார்த்துவிடுங்கள்" என்று மிருகக்காட்சிசாலையில் இறக்கிவிட்டார்.

யானையைப் பார்த்தேன். ஆனால் நின்றது சிங்கத்தின் முன்னால். ஓட்டுச் சீட்டை எல்லாம் தாண்டி இந்தத் தீவை ஆட்டிவைத்த விலங்குகள் இரண்டு. ஒன்று கொடியில் வாளேந்தி நிற்கிறது. 1951இல் அதன் பக்கத்தில் தமிழருக்கென்று ஒரு செம்மஞ்சள் பட்டியும் முஸ்லிம்களுக்கென்று ஒரு பச்சைப் பட்டியும் சேர்த்தார்கள். சிங்கத்தின் வாள் பட்டிகளைப் பார்த்துத்தான் நீண்டிருக்கிறது என்று ஐயா கிளம்பும்போது சொன்னார். மற்றொன்று புலி. அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டுமே இந்தக் காடுகளில் இல்லை. இங்கே உள்ள ஒரே பெரும்பூனை சிறுத்தைதான். அதன் விஞ்ஞானப் பெயரில் கடைசிச் சொல் 'கொட்டியா'. சிங்களத்தில் புலிக்கும் அதையேதான் சொல்கிறார்கள். யுத்த காலத்தில் எந்தப் பொருளில் சொன்னார்கள் என்பது வெள்ளவத்தைக்காரர்களுக்குத் தெரியும். எந்தக் கட்சிக்கும் கொடிக்கும் வேண்டாத நிம்மதியில் சிறுத்தை காட்டில் எங்கோ படுத்திருக்கும்.

மாலையில் விமான நிலையத்துக்குத் தம்பியின் ஆட்டோவிலேயே போனேன். அதிவேகப் பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். பழைய நீர்கொழும்பு வீதியில், வத்தளை நெரிசலில் ஊர்ந்தோம். அப்போது அம்மா அழைத்தார். தம்பி ஒலிபெருக்கியில் போட்டு, மதுரை அண்ணன் கூட இருக்கிறார் என்றார்.

"மதுரையா ஐயா? எங்கள் தாத்தா ராமநாதபுரம் பக்கம்தான்" என்றது குரல். கொஞ்சம் இருமல். மழை எப்படி, வெயில் எப்படி என்று விசாரித்தார். பிறகு, "உங்கள் ஊரில் சேவல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஒருகாலத்தில் இருந்தது அம்மா, எங்கள் அப்பாகூட அதற்குத்தான் போட்டார், ஒரே ஒரு தேர்தலில் என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் இலைக்குப் போய்விட்டார்கள் என்றேன். குழம்பைப் பற்றிச் சொல்லவில்லை.

"வெற்றிலைக்கா?" என்றார் அவர்.